விரல் வெளியே

பல்லக்கா சுட்ட குண்டுகள் நடுவட்டத்தில் போய் விழத் தொடங்கியது அவள் கணவர் இறந்து சில மாதம் கழித்துத்தான். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் அவை கீழே இடது பக்கமாகப் போய், மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி ஒரு மூலையில் கூடிக் கிடக்கும்.

பல்லக்கா என்பது கிளப்பில் வைத்த பெயர். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த செயற்கைப் பல் பட்டறையில் அவளுக்கு வேலை. பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கிற சின்ன மோட்டார் ஒன்று அவள் வலது கையில் பகலெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் சுழலும் கல்லால் பல்செட்டின் இளஞ்சிவப்பு ஈற்றை உரசி, உரசி, கடைசியில் ஆள்காட்டி விரலின் நுனியால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். விரல் சரி என்றால் சரி. ஊரில் பாதிக் கிழவர்கள் அவள் விரலின் தயவில்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர்தான் கிளப்பில் முதலில் சேர்ந்தவர். நீச்சல் குளத்துக்குக் கீழே, நிலவறையில், நீளமாக ஒரு கூடம். அதுதான் ரேஞ்சு. மேலே குழந்தைகள் தொப்பென்று குதிக்கும் சத்தம் கூரையில் கேட்கும். குளோரின் நெடி படியிறங்கி வரும். பத்து மீட்டர் தள்ளி வரிசையாகக் காகித வட்டங்கள், இந்தப் பக்கம் நீண்ட மரமேசை, காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டல்கள். கணவர் மனைவியைக் கூட்டிவந்தார். மனைவி நாத்தனாரைக் கூட்டிவந்தாள். சனிக்கிழமைப் பிற்பகல் அந்தக் குடும்பம் வேறெங்கும் போனதில்லை.

நாத்தனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்பவள். கணவரின் ஒரே தங்கை. அவள் குரலை ஊரே கேட்டிருக்கிறது, முகத்தை யாரும் பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, ரேஞ்சில் அவள் வாய் மூடாது. அண்ணி ஒவ்வொரு குண்டாகச் சுட, பக்கத்து இடத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்து அறிவிப்பாள்: "பயணிகள் கவனத்துக்கு. பத்தாம் எண் வட்டத்துக்கு வர வேண்டிய குண்டு, தடம் மாறி, ஆறாம் எண் வட்டத்தில் வந்து சேர்ந்துள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"வாயை மூடுறியா, குண்டை உன் பக்கம் திருப்பவா?" என்பாள் பல்லக்கா. அதெல்லாம் அவர் இருந்தபோது.

ரேஞ்சைப் பார்த்துக்கொண்டவரை விசில் அண்ணன் என்பார்கள். 'சுடலாம்', 'நிறுத்து' எல்லாம் அவருக்கு விசில்தான். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, யாராவது டிரிகரை வெடுக்கென்று இழுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவர் வலதுகால் தானாகத் தரையை மிதிக்கும். அங்கே பிரேக் இருக்காது.

சேர்ந்த புதிதில் பல்லக்காவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிஸ்டல் மேல பின்னால ஒரு பள்ளம் இருக்குல்ல, முன்னால ஒரு கட்டை. அந்தக் கட்டை பள்ளத்துக்கு நடுவுல நிக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். தலை ரெண்டும் ஒரே மட்டம். கண்ணு கட்டையை மட்டும் பாக்கணும். தூரத்துல இருக்கற வட்டம் மங்கலாத்தான் தெரியும். வட்டம் பளிச்சுனு தெரிஞ்சுதுன்னா நீங்க பாக்கக் கூடாததைப் பாக்கறீங்கன்னு அர்த்தம்."

"கை ஆடுதே அண்ணே?"

"ஆடட்டும். ஆடாத கை யாருக்கு இருக்கு? ரெண்டு குறியும் சேர்ந்து ஆடினா வட்டம் மன்னிச்சிரும். ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம்னு ஒரு மயிரிழை பிசகினாப் போதும், அங்க போய்ச் சேர்றப்ப அது விரக்கடையாயிரும்."

அவளுக்குக் கண் பிசகவில்லை. விரல்தான் பிசகியது. டிரிகரில் முதலில் ஒரு தளர்வு இருக்கும். பிறகு ஒரு சுவர். சுவரில் விரல் சாய்ந்து நிற்கும்போது, இதோ வெடிக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததுமே அந்த நொடியில் ஒரு வெடுக்கு. கை கீழே இடதுபக்கம் போகும், குண்டும் கூடவே போகும். கணவர் ஒருமுறை இரக்கப்பட்டு, யாரும் பார்க்காதபோது பின்குறியின் திருகைத் திருப்பி வைத்துவிட்டார். லிஃப்ட் கதவு ஒட்டவில்லை என்றால் திருகைத் திருப்பித்தானே அவருக்குப் பழக்கம். விசில் அண்ணன் கண்டுபிடித்து, இருவரையும் நிற்கவைத்துத் திட்டினார். "வண்டி ஒரு பக்கம் இழுக்குதுன்னா ஸ்டியரிங்கைச் சரி பண்ணுவீங்களா, ரோட்டைத் திருப்பி வைப்பீங்களா?"

திருகு பழைய இடத்துக்குப் போனது. குண்டுகள் கீழே இடது பக்கமே போயின.

கணவர் இறந்தது போன மழைக்காலத்தில். மதியம் சாப்பிட்டுவிட்டுக் காலடியில் கருவிப் பை கிடக்க நாற்காலியில் கண்ணயர்ந்தவர், டீ ஆறிய பிறகும் எழவில்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடாமல் அடுப்பை அணைத்தாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவளேதான் போன் செய்து சொன்னாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நாத்தனார் சுவரில் சாய்ந்து குரல் கம்மும்வரை அழுதாள். அந்த வாரம் ரயில் நிலையத்தில் வேறொருவர் குரல்தான் கேட்டது. பல்லக்காவின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வர வேண்டும் என்று அவளும் காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த வாரம் வேலைக்குப் போனாள். மோட்டார் உறுமியது.

சனிக்கிழமை வந்தது. நாத்தனார் வாசலில் வந்து நின்று, "வாங்க அண்ணி, போலாம்" என்றாள். பல்லக்கா போனாள். அதற்கு முன் வீட்டுப் படியை ஏறும்போதே நாத்தனார் "அண்ணா!" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லாமல் கதவைத் தட்டியிருந்தாள். அதைப் பல்லக்கா கவனித்தாள். கவனித்ததைத் தவிர வேறொன்றும் நேரவில்லை.

பனி தொடங்கிய வாரங்களில்தான் குண்டுகள் ஏறின. முதலில் எட்டு. பிறகு ஒன்பது. ஒருநாள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து. காகிதத்தைக் கயிற்றில் இழுத்து முன்னால் கொண்டுவந்தபோது நடுவில் ஒரே கிழிசல். கிளப்பில் சுடும் மூன்றாவது பெண்மணி, கணக்கு டீச்சர் என்று அழைக்கப்பட்டவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அதான். ஒண்ணும் பண்ணாமத்தான் இருக்கணும்" என்றார் விசில் அண்ணன். "எப்ப வெடிக்கும்னு சுடறவங்களுக்கே தெரியக் கூடாது. தொண்டத் தண்ணி வத்த இத்தனை வருஷமா நான் இதைத்தானே கத்தறேன்." அன்று முழுவதும் அவர் வலதுகால் அமைதியாக இருந்தது.

பெரிய துக்கம் வந்தால் மனுஷர் ஒன்று உடைவார்கள் அல்லது கல்லாகிவிடுவார்கள், பல்லக்கா கல்லாகிவிட்டாள், கல் ஆடாது என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். நாத்தனார் மட்டும் தொலைநோக்கியில் பார்த்து, "பத்து" என்றாள். பயணிகள் யாரையும் கூப்பிடவில்லை.

பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்து நின்றது அதற்குப் பிறகு. உள்ளங்கையில் பல்செட், வாய் பொக்கை. "நான் பல்லால கடிக்கணும்னுதானேம்மா வாங்கினேன்? இந்தப் பல்லு என்னையில்ல கடிக்குது!"

அவள் வாங்கி ஓரத்தைத் தடவினாள். வழவழப்பாகத்தான் இருந்தது. முதலாளி கை நீட்டி வாங்கித் தன் கட்டைவிரலை ஓட்டினார். விரலை எடுத்துப் பார்த்தார். கோடாக ரத்தம்.

"கத்தி மாதிரி இருக்கே. நீயா தடவிப் பாத்து அனுப்பினே?"

"பாத்தேனே."

முதலாளி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவரை வெளுத்து, மெழுகுவத்தி மாதிரி இருந்தன. காலையில் குழாயடியில் அப்படி ஆவதை அவள் பார்த்திருந்தாள். குளிர் என்று நினைத்திருந்தாள்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். அவள் மூடிக்கொண்டு காத்திருந்தாள். காத்திருந்து பார்த்து, "குத்தப் போறீங்களா?" என்றாள்.

"குத்தி முடிச்சாச்சும்மா. கண்ணைத் திறங்க."

விரல் நுனியில் குண்டூசித் தலை அளவு ரத்தம் நின்றது. யாரோ ஒருவர் விரலைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தாள். இத்தனை வருஷ மோட்டார் அதிர்வு நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். மோட்டாரை விட்டால் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். முதலாளி நல்லவர். மோட்டாரை இன்னொரு பெண்ணிடம் கொடுத்து, அவளை மெழுகில் பல் அடுக்கும் வேலைக்கு மாற்றினார். முடிந்த செட்டை விரலால் தடவாமல், அதன்மேல் பஞ்சை இழுத்துப் பார்த்தாள். சொரசொரப்பு இருந்தால் பஞ்சு மாட்டும். பட்டறை வேலைக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது.

டிரிகருக்குப் பஞ்சு கிடையாது.

ஆஸ்பத்திரிப் படியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. குண்டுகள் ஏன் நடுவில் விழுகின்றன என்று. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. சுவர் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. தெரியாததால் வெடுக்கென்று இழுக்க வழியில்லை. அவள் கண்ணைக் கட்டையில் வைத்து, விரலை மடக்கச் சொல்லி மனதில் நினைத்துக்கொண்டே இருப்பாள். எப்போதோ தானாக வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது செய்தி.

விசில் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். விரலில் உணர்ச்சி இல்லாதவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது ரேஞ்சில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லவில்லை. பத்து விழும் பெருமைக்காக அல்ல. பத்து விழுந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை, ஆறு விழுந்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் சனிக்கிழமை கதவு தட்டப்படுவது இருந்தது. அண்ணன் இருந்தவரை அது அண்ணன் வீடு. தங்கை எப்போது வேண்டுமானாலும் வருவாள், உரிமையோடு குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். அண்ணன் போன பிறகு அண்ணி என்ற உறவு எந்த ஆணியில் தொங்குகிறது? அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆணிதான். அது நீச்சல் குளத்துக்குக் கீழே இருந்தது. சுடுவதை விட்டால் நாத்தனார் ஒரு வாரம் வருவாள், மறுவாரம் வருவாள், பிறகு போன் செய்வாள், பிறகு ரயில் நிலையத்தில் மற்ற எல்லோரையும்போல அவள் குரலைக் கேட்டுக்கொள்ளலாம்.

இதை அவள் துக்கத்தோடு நினைக்கவில்லை. பஸ் நேரம் பார்ப்பதுபோலத்தான் நினைத்துப் பார்த்தாள். அதனால்தான் சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

கிளப்புகளுக்கு இடையிலான போட்டி வந்தது. பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும். பல்லக்கா, நாத்தனார், கணக்கு டீச்சர். போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. நாத்தனாருக்கு அன்று பழைய வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது. "வெற்றி விரைவு வண்டி புறப்படத் தயாராக உள்ளது. டீச்சர், பெட்டியில ஏறுங்க" என்றாள். டீச்சர் சிரித்தாள்.

பல்லக்கா பிஸ்டலைத் தூக்கினாள். இடது கையை வழக்கம்போலப் பாவாடைப் பைக்குள் செருகிக்கொண்டாள். வட்டத்துக்கு மேலே கொண்டுபோய் மெல்ல இறக்கினாள். கட்டை பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் வெளிச்சம். வட்டம் மங்கல். மேலே ஏதோ ஒரு பையன் குளத்தில் தொப்பென்று விழுந்தான். வெடிக்கவில்லை. இன்னும் வெடிக்கவில்லை. அதிக நேரம் பிடித்தால் கண்ணில் கட்டை இரண்டாகும், கை களைக்கும். அப்போது சுடக் கூடாது, இறக்கி வைக்க வேண்டும். சுடத் தெரிந்தவர்களுக்கும் இறக்கி வைப்பதுதான் கஷ்டம் என்பார் விசில் அண்ணன். அவள் இறக்கினாள். விரலை டிரிகரிலிருந்து எடுத்து வெளியே நீட்டினாள். பிஸ்டலை மேசையை நோக்கித் தாழ்த்தினாள்.

பட்.

மேசையின் முன்விளிம்பிலிருந்து ஒரு சிராய் பறந்தது. நாத்தனார் "ஆ" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

விசில் நீளமாக, நிற்காமல் ஊதியது. எல்லோரும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார்கள். நாத்தனார் கையை எடுத்தாள். பாதுகாப்புக் கண்ணாடியின் சட்டத்துக்குச் சற்றுக் கீழே, கன்னத்தில், சிவப்பாக ஒரு புள்ளி. அது மெல்ல நீண்டு கோடாகியது.

"யாரு?" என்றார் விசில் அண்ணன்.

"நான்தான்."

"இறக்கறப்ப விரல் எங்க இருந்துது?"

"வெளியே."

"வெளியே இருந்தா எப்படிங்க வெடிக்கும்?"

"வெளியேதான் அண்ணே. எடுத்துட்டுத்தான் இறக்கினேன். இப்பவும் வெளியேதான்..."

அவர் குனிந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் மட்டும் இன்னும் பிஸ்டலைக் கீழே வைக்கவில்லை. விரல் உள்ளேதான் இருந்தது. டிரிகரைச் சுற்றி மடங்கி, முழுசாக இழுத்தபடி, வெளுத்துப்போய், அங்கேயே இருந்தது. எடுத்துவிட்டதாக அவள் நினைத்தது உண்மை. விரலுக்கு அந்தச் செய்தி போகவில்லை.

விசில் அண்ணன் பிஸ்டலின் குழாயை எதிர்ச்சுவர்ப் பக்கமே வைத்தபடி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவர் பிரிப்பதை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவருக்கும் அது புரிந்துவிட்டது. "இந்தக் கையோட நீங்க இனிமே இங்க துப்பாக்கியைத் தொடக் கூடாது" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவர் வலதுகால் தரையை அழுத்தியபடியே இருந்தது.

பெண்கள் கழுவுமிடத்தில் நாத்தனார் கன்னத்தில் ஈரக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பல்லக்கா கதவருகே நின்றாள்.

"எத்தனை நாளா?"

"பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து."

"பனிக்காலமெல்லாம் போயே போச்சு அண்ணி." அவள் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினாள். "என் பக்கத்துலயே நின்னு, வாரா வாரம்... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வர விடமாட்டாங்க."

"வரலைன்னா என்ன? குடியா முழுகிடும்?"

"நீ வரமாட்டே."

"எங்க?"

"வீட்டுக்கு. கூட்டிட்டுப் போறதுக்கு."

நாத்தனார் திரும்பினாள். அந்தப் பெரிய குரல் இப்போது சின்னதாக இருந்தது. "அண்ணன் செத்த அன்னைக்கு உங்களையே பாத்துட்டிருந்தேன். டம்ளர் கழுவினீங்க. நான் நெனச்சேன், இந்தம்மாவுக்கு எங்க அண்ணன் மேல ஒண்ணுமே இல்லையா, ஒரு சொட்டுகூடவான்னு. அப்புறம் பத்துப் பத்தா சுட்டீங்க. எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. எங்க அண்ணன் செத்ததுல உங்களுக்குக் கை நிலைச்சுதுன்னா..."

"பல்லு புடுங்கறதுக்கு முன்னால ஊசி போடுவாங்கல்ல" என்றாள் பல்லக்கா. "கன்னம் இருக்கும். இருக்குன்னு தெரியும். கடிச்சா தெரியாது. அப்படித்தான் இருக்கு. விரல் அப்புறம்தான் போச்சு. இல்ல, முன்னாலயே போயிருக்கலாம். எது முதல்ல போச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

"ஊசின்னா ரெண்டு மணி நேரத்துல விட்டுரும்."

"ஆமா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதை இறுக்கி மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல்லக்காவைத் தொடாமல், கதவில் ஒருக்களித்து வெளியேறினாள். பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்த பஸ்ஸில் நாத்தனார் ஏறினாள். அது அவள் வழியாகப் போகும் பஸ்கூட இல்லை.

மூன்று பேர் சேராததால் அணி போகவில்லை. நாத்தனார் மட்டும் தனிப்பிரிவில் சுடப் போனாளாம், நடுவில் எங்கோ ஒரு இடம் வந்தாளாம். கணக்கு டீச்சர் போனில் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை பல்லக்கா வழக்கமான நேரத்துக்குத் தலை சீவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏன் சீவினாள் என்று தெரியவில்லை. கதவு தட்டப்படவில்லை. அடுத்த சனிக்கிழமையும் தட்டப்படவில்லை. அவள் கணவரின் கருவிப் பையை எடுத்து, உள்ளே இருந்த திருப்புளிகளைத் துடைத்து, மறுபடி உள்ளேயே வைத்தாள். வேலை நாளில் ஒருமுறை, தேவையே இல்லாமல், ரயில் நிலையம் வழியாக நடந்து போனாள். எங்கோ போகும் வண்டி ஒன்று தாமதமாக வரும் என்று நாத்தனார் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பல்லக்கா நின்று முழுதும் கேட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது.

நாத்தனார் படியிலேயே நின்றாள். கன்னத்தில் காயம் இருந்த இடம் தெரியவில்லை. முகம் உர்ரென்று இருந்தது.

"விசில் அண்ணன் அன்னைக்கு என்ன சொன்னாரு?"

"தொடக் கூடாதுன்னாரு."

"இல்ல. நல்லா யோசிச்சுப் பாருங்க. அப்படியா சொன்னாரு? 'இந்தக் கையோட' தொடக் கூடாதுன்னாரு." அவள் பல்லக்காவின் இடது கையைப் பார்த்தாள். "வழக்கமாக ஒண்ணாவது நடைமேடைக்கு வர்ற வண்டி, இன்னைக்கு ரெண்டாவது நடைமேடைக்கு வரும். அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு வண்டியையே ரத்து பண்ணணும்?"

"கோபம் போயிடுச்சா?"

"போகலை. செருப்பைப் போடுங்க."

விசில் அண்ணன் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. பல்லக்காவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, இடது கையைப் பின்னால் நீட்டச் சொல்லி, கார் சாவியின் முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "இது?" "மோதிர விரல்." "இது?" "ஆள்காட்டி." "இது?" "இன்னும் தொடலையே அண்ணே." அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் கூரையைப் பார்த்தாள். "ஒரு நிபந்தனை" என்றார். "ஒவ்வொரு தடவை இறக்கி வைக்கறப்பவும் 'விரல் வெளியே'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். நீங்க சொன்னாப் போதாது. இவங்க குனிஞ்சு பாத்து 'ஆமா'ன்னு சொல்லணும். இவங்க வராத வாரம் நீங்களும் வரக் கூடாது."

கிளப்பில் இடது கைக்காரருக்கு என்று ஒரே ஒரு கிழட்டுப் பிஸ்டல்தான் இருந்தது. நொண்டிக் குதிரை என்று பெயர். பிடி அவள் கைக்குப் பெரிது. அதைவிடப் பெரிய தொல்லை கண். அவள் வலது கண்தான் முதலாளி, இடது கண் கூலிக்காரன். இடது கையில் பிடித்ததும் வலது கண் குறுக்கே புகுந்து அதிகாரம் செய்தது. கட்டை பள்ளத்தை விட்டு எங்கோ போய் நின்றது. விசில் அண்ணன் வலது கண்ணை மறைக்கச் சொன்னார். மூடக் கூடாது, மூடினால் திறந்த கண்ணும் இழுபடும், முன்னால் ஒரு திரை மட்டும் என்றார். பல்லக்கா பட்டறையில் பல்செட் ஈறு செய்யும் இளஞ்சிவப்புத் தகட்டில் ஒரு வில்லை வெட்டி, கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

நாத்தனார் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஏன் அண்ணி, கண்ணுக்குப் பல்லு முளைக்கப் போகுதா?"

கணக்கு டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாவம், புரையேறிவிட்டது.

பல்லக்கா நொண்டிக் குதிரையைத் தூக்கினாள். பழகாத கை உடனே ஆடத் தொடங்கியது. கட்டை பள்ளத்தில் வந்தது, போனது, வந்தது. விரலை டிரிகரில் வைத்தாள். சில்லென்று இருந்தது. உலோகத்தின் விளிம்பு சதையில் அழுந்தியது. தளர்வு போய் அங்கே சுவர் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சுவர். இதோ வெடிக்கப் போகிறது என்று தெரிந்தது. தோள் விறைத்தது. வெடுக்கென்று இழுத்தாள்.

நாத்தனார் தொலைநோக்கியில் தேடினாள். இப்படித் தேடினாள், அப்படித் தேடினாள். "கறுப்பு வட்டத்துல இல்லை. வெள்ளையில, கீழ, வலது ஓரத்துல. பயணிகள் கவனத்துக்கு..." நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "பயணிகள் கவனத்துக்கு. வண்டி வேற ஊருக்குப் போயிருச்சு."

"கை மாறினா மூலையும் மாறும்" என்றார் விசில் அண்ணன். அவர் கால் அதற்குள் தரையை மிதித்திருந்தது.

பல்லக்கா பிஸ்டலை மெல்லத் தாழ்த்தி மேசைமேல் கொண்டுவந்தாள். உள்ளே குண்டு இல்லை, குழாய் வட்டங்களைப் பார்த்து இருந்தது. "விரல் வெளியே" என்றாள்.

நாத்தனார் குனிந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சொல்லமாட்டேங்கறே?"

"இன்னும் உள்ளதான் இருக்கு அண்ணி."

"தெரியுது" என்றாள் பல்லக்கா.

விரலுக்கடியில் உலோகம் சில்லென்றே இருந்தது. சுட்டதன் சின்ன நடுக்கம் மணிக்கட்டில் இன்னும் அடங்கவில்லை. அதுவும் தெரிந்தது.

"தெரியுதுன்னா எடுங்க. எனக்கு முதுகு வலிக்குது."

எடுத்தாள்.

"ஆமா" என்றாள் நாத்தனார்.